அட்டை யார் கொடுத்தது?

2000-ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் 191 நாடுகளின் மருத்துவ அமைப்புகளுக்கு ரேங்க் போட்டது. பிரான்ஸ் முதலிடம், சிங்கப்பூர் ஆறு, ஓமன் எட்டு, ஜப்பான் பத்து. பிரிட்டன் 18, அமெரிக்கா 37, தாய்லாந்து 47, மலேசியா 49, இந்தியா 112. கணக்கிட்ட விதத்தை அறிஞர்கள் கிழிகிழியென்று கிழித்ததில், அந்த நிறுவனம் மறுபடி அப்படியொரு பட்டியல் போடத் துணியவில்லை. ஆனாலும் கால் நூற்றாண்டாக அந்த எண்கள் சாகாமல் சுற்றுகின்றன. மகனுக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்த அப்பா அதைப் பெருமையாகச் சொல்வார். அமெரிக்காவில் ஆஸ்பத்திரி பில்லைப் பார்த்து அதிர்ந்தவர் ஆத்திரத்தோடு சொல்வார். அந்தப் பட்டியல் எடைபோட்டது ஒரு நாட்டின் மொத்த அமைப்பை. அந்த நாட்டில் விசாவில் குடியிருப்பவனுக்கு அந்த அமைப்பின் எந்தக் கதவு திறக்கும் என்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை. எட்டாமிடம் பிடித்த ஓமனில் அன்றைக்கு ஏறக்குறைய நான்கில் ஒருவர் வெளிநாட்டவர்.

வெளிநாட்டில் வாழும் நம்மவர்கள் செய்யும் ஒப்பீடு வேறு வகை. தரை பளபளவென்று இருந்தது, நர்ஸ் சிரித்துப் பேசினார், நாலு மணி நேரம் உட்கார வைத்தார்கள், டாக்டர் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார், ஒரு ஊசிகூடப் போடவில்லை. எதுவும் பொய்யில்லை. ஆனால் இவற்றோடு சேர்த்து வைத்து அளக்கப்படுவது சென்னையிலோ கோயம்புத்தூரிலோ உள்ள தனியார் மருத்துவமனை. அங்கே நெஞ்சு படபடத்தால் நேரே இதயநோய் நிபுணரிடம் போகலாம், ஈ.சி.ஜி., எக்கோ, ரத்தப் பரிசோதனை எல்லாம் அன்றே முடித்து சாயங்காலம் ரிப்போர்ட்டோடு வீடு திரும்பலாம், கையில் காசிருந்தால். அந்தக் 'காசிருந்தால்' மட்டும் விமானம் ஏறியதும் மறந்துவிடுகிறது.

வெளிநாட்டவரின் மருத்துவமனை அனுபவத்தை டாக்டரின் திறமையை விட அதிகமாகத் தீர்மானிப்பது பதிவுக் கவுண்டரில் நீட்டும் அட்டை. அதை முதலாளி கொடுத்தாரா, அந்த நாட்டில் குடியிருக்கிறோம் என்பதற்காக அரசு கொடுத்ததா, அல்லது அட்டையே இல்லாமல் சொந்தப் பணப்பையைத்தான் நீட்டுகிறோமா? உலகத்தின் மருத்துவ அமைப்புகளை வெளிநாட்டவரின் கண்ணால் பார்த்தால் இந்த மூன்று வகைதான் தெரிகிறது. இதை முதலில் கேட்காமல் வார்டுகளை ஒப்பிடுவதில் பயனில்லை.

முதலாளி கொடுக்கும் அட்டைக்குச் சிங்கப்பூரை விடத் தெளிவான உதாரணம் இல்லை. அங்கே அரசு மருத்துவமனைகளில் ஏ, பி1, பி2, சி என்று வார்டுகள் உண்டு. மருத்துவம் ஒன்றுதான், அறையும் கட்டணமும் மாறும். சி வார்டில் குடிமக்களுக்கு 80 சதவீதம் வரை அரசு மானியம். நிரந்தரவாசிகளுக்கு அதைவிடக் குறைவு. மற்ற வெளிநாட்டவருக்கு மானியமே கிடையாது. முன்பு இருந்ததும் 2008 வாக்கில் நிறுத்தப்பட்டது. அதற்கு ஈடாக வொர்க் பெர்மிட், எஸ் பாஸ் என்ற வேலை அனுமதிகளில் வரும் ஊழியர்களுக்கு முதலாளியே மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. நெடுங்காலம் அதன் குறைந்தபட்ச வரம்பு ஆண்டுக்கு 15,000 வெள்ளி. தீவிர சிகிச்சைப் பிரிவில் சில நாள் கிடந்தால் கரைந்துபோகும் தொகை அது. 2023 ஜூலை முதல் 60,000 வெள்ளியாக உயர்ந்தது. 15,000-க்கு மேல் போகும் செலவில் கால்பங்கை முதலாளி ஏற்க வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கட்டுமானத் தளத்தில் கம்பி கட்டும் பட்டுக்கோட்டைக்காரருக்குச் சட்டம் காப்பீட்டை உறுதி செய்கிறது. எம்ப்ளாய்மெண்ட் பாஸில் வந்து ஐ.டி. கம்பெனியில் பல மடங்கு சம்பளம் வாங்குபவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கம்பெனி மனசு வைத்தால் உண்டு. குடல்வால் அழற்சி என்று இரண்டு பேரும் ஒரே இரவில் ஒரே மருத்துவமனைக்குப் போனால், காகிதத்தில் பாதுகாப்பு அதிகம் கம்பி கட்டுபவருக்கு.

காகிதத்தில் என்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவசரச் சிகிச்சையை யாரும் மறுப்பதில்லை. அவசரமில்லாத அறுவைச் சிகிச்சை என்றால் முன்பணமோ, செலவுக்குக் கம்பெனி பொறுப்பு என்ற உத்தரவாதக் கடிதமோ மருத்துவமனை கேட்கும். கடிதம் சூப்பர்வைசரைத் தாண்டி, ஆபீஸைத் தாண்டி வர வேண்டும். முதுகு வலிக்கிறது என்று கம்பெனி சொன்ன கிளினிக்குக்குப் போனால், டாக்டர் கையெழுத்திடும் சின்னத் துண்டுச் சீட்டில்தான் எல்லாம் இருக்கிறது. அதில் எம்.சி., அதாவது மருத்துவ விடுப்பு, என்று எழுதினால் ஊழியர் சம்பளத்தோடு படுத்திருக்கலாம். லைட் டியூட்டி என்று எழுதினால் மறுநாள் வேலைக்கு லாரி ஏற வேண்டும். வேலையிடக் காயத்துக்கு மூன்று நாளுக்கு மேல் எம்.சி. கொடுத்தால்தான் அரசுக்கு அறிவிக்க வேண்டும் என்று ஒரு காலத்தில் விதி இருந்தது. அப்போது இரண்டு நாள் எம்.சி., பிறகு லைட் டியூட்டி என்று சீட்டு எழுதும் பழக்கம் எப்படி வளர்ந்தது என்பதை யாரும் விளக்கத் தேவையில்லை. 2020 செப்டம்பரிலிருந்து ஒரு நாள் எம்.சி. ஆனாலும் லைட் டியூட்டி ஆனாலும் அறிவித்தாக வேண்டும். ஒரு விதியைத் திருத்தினால் ஒரு முதுகு எவ்வளவு ஆறும் என்று ஆராய யாராவது முன்வந்தால் அதுதான் நல்ல மருத்துவ ஆராய்ச்சியாக இருக்கும்.

2020-ல் கொரோனா தங்கும் விடுதிகளுக்குள் புகுந்ததும் இந்த ஏற்பாட்டின் ஓட்டை ஊருக்கே தெரிந்தது. அந்த ஆண்டு முடிவில் அரசு வெளியிட்ட கணக்குப்படி விடுதிவாசிகளில் 47 சதவீதம் பேருக்குத் தொற்று வந்து போயிருந்தது. பெரும்பாலும் இளைஞர்கள் என்பதாலும் சிகிச்சை நன்றாக இருந்ததாலும் உயிரிழப்பு மிகக் குறைவு. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் சளி, காய்ச்சலுக்கு அருகிலேயே போய்ப் பார்க்க ஒரு டாக்டர் இல்லாத நிலை அதன் பிறகுதான் மாறியது. 2022 ஏப்ரலில் விடுதித் தொழிலாளர்களுக்கென்று அடிப்படை மருத்துவத் திட்டம் தொடங்கியது. முதலாளி சந்தா கட்ட, தொழிலாளி மருத்துவ நிலையத்துக்குப் போகும்போது 5 வெள்ளி மட்டும் கொடுக்கிறார். அதற்கு முன்னும் பின்னும் இடைவெளியை நிரப்பிவந்தவை ஹெல்த்சர்வ் போன்ற தொண்டு அமைப்புகள். லிட்டில் இந்தியாவில் டி.டபிள்யூ.சி.2 என்ற அமைப்பு 2008 முதல் இலவசச் சாப்பாடு போடுகிறது. அங்கே வந்து சாப்பிடுபவர்களில் பலர் வேலையில் அடிபட்டு, பெர்மிட் ரத்தாகி, நஷ்டஈட்டு வழக்கு முடியும்வரை ஸ்பெஷல் பாஸில் காத்திருப்பவர்கள். சிங்கப்பூரில் இருக்கலாம், வேலை செய்யக் கூடாது. உலகத் தரமான மருத்துவமனையில் கைக்குக் கட்டுப்போட்டு வந்தவர் மதியச் சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கிறார். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஒப்பீடு முழுதாகும்.

வளைகுடாவிலும் அதே கதைதான், மணல் மட்டும் கூடுதல். அபுதாபி 2006 வாக்கிலேயே முதலாளிகளுக்குக் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. துபாய் 2013-ல் சட்டம் போட்டு சில ஆண்டுகளில் எல்லாக் கம்பெனிகளையும் உள்ளே கொண்டுவந்தது. ஷார்ஜா, அஜ்மான் முதலிய வட அமீரகங்களுக்கு 2025 ஜனவரியில்தான் வந்தது. அங்கே அடிப்படைத் திட்டத்தின் ஆண்டுச் சந்தா 320 திர்ஹாமில் தொடங்கியது. துபாயின் அடிப்படைத் திட்டத்துக்கு ஆண்டு உச்சவரம்பு 1,50,000 திர்ஹாம். சம்பளம் குறைந்தவர்களுக்கு அது நிஜமான பாதுகாப்பு, சந்தேகமில்லை. அன்றாடத்தில் இடிப்பது வேறு. டாக்டர் எம்.ஆர்.ஐ. எழுதுவார், 'அப்ரூவலுக்குப் போட்டிருக்கோம், மெசேஜ் வரும்' என்பார் கவுண்டரில் இருக்கும் மலையாளப் பெண். வெளியே நாற்காலியில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அட்டையில் எழுதியிருக்கும் நெட்வொர்க்கின் பெயரைப் பொறுத்து, வீட்டுக்கு எதிரே இருக்கும் நல்ல மருத்துவமனை சேர்க்கும் அல்லது சேர்க்காது. அக்கம்பக்கத்து அறைக்காரர்கள் இரண்டு பேர் ஒரே டாக்டரைப் பற்றி நேரெதிராகப் பேசினால் அட்டைகளை வாங்கிப் பாருங்கள், விஷயம் அதில் இருக்கும்.

குவைத் இன்னும் வெளிப்படை. 2013-ல் ஜஹ்ரா மருத்துவமனையில் காலையில் குடிமக்கள், மாலையில் வெளிநாட்டவர் என்று வெளிநோயாளிப் பிரிவை நேரம் பிரித்துச் சோதித்தார்கள். 2018-ல் திறந்த பிரம்மாண்டமான ஜாபர் மருத்துவமனையைக் குடிமக்களுக்கு என்றே ஒதுக்கினார்கள். கூட்ட நெரிசல் காரணம் என்றது அரசு. நெரிசல் உண்மைதான். ஆனால் அந்த வார்டுகளில் வேலை செய்யும் நர்ஸ்களில் பெரும்பாலோர் வெளிநாட்டவர் என்பதும் உண்மைதான்.

முதலாளி அட்டைக்கு இன்னொரு முகம் உண்டு. சிகிச்சை தரும் அதே ஸ்டெதாஸ்கோப் வேவும் பார்க்கிறது. மலேசியாவில் வெளிநாட்டுத் தொழிலாளர்களை ஃபொமேமா என்ற அமைப்பின் வழியாகச் சோதிக்கிறார்கள்; தகுதியில்லை என்று வந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். சிங்கப்பூரில் வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனை, கர்ப்பம் உட்பட. வளைகுடா போகிறவருக்கு விமானம் ஏறும் முன்பே சென்னையிலோ திருச்சியிலோ மார்பு எக்ஸ்ரே. அதில் பழைய காசநோய்த் தழும்பு தெரிந்தால் கனவு அங்கேயே நின்றுவிடலாம். இதனால் விளைவது ஒன்றுதான்: இருமலை மறைக்கிறார்கள். மலேசியாவில் 2001-ல் சுகாதார அமைச்சகம் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. ஆவணமில்லாத வெளிநாட்டவர் சிகிச்சைக்கு வந்தால் அரசு மருத்துவமனைகள் அதிகாரிகளுக்குத் தகவல் தர வேண்டும் என்பது அதன் சாரம். குடிமக்களுக்கு 1 ரிங்கிட் வாங்கும் அரசு வெளிநோயாளிப் பிரிவில் வெளிநாட்டவருக்கு 40 ரிங்கிட், நிபுணரைப் பார்க்க 120 என்று கட்டண வித்தியாசத்தைப் பற்றிப் பலரும் குறைபடுகிறார்கள். அந்தக் கட்டணத்தில் எனக்குப் பெரிய குறையில்லை. வரி கட்டும் குடிமகனுக்குச் சலுகை கொடுப்பது அந்த அரசின் உரிமை. ஆனால் நோயாளியைப் போலீஸிடம் சொல்லும் மருத்துவமனை ஊராரின் உடல்நலத்துக்கே எதிரி. தொற்றுநோய் கடவுச்சீட்டு பார்த்துப் பரவுவதில்லை.

குடியிருப்பு அட்டைக்கு வருவோம். இதில் ஜப்பான் ஆச்சரியமான இடம். வெளிநாட்டவரை எளிதில் ஏற்காத நாடு என்று பெயர். மருத்துவக் காப்பீட்டு விஷயத்தில் மட்டும் குடிமகனுக்கும் வந்தவனுக்கும் கோடு கிழிப்பதில்லை. மூன்று மாதத்துக்கு மேல் தங்கும் எவரும், 2012-க்குப் பிறகு, பொதுக் காப்பீட்டில் சேர்ந்தாக வேண்டும். கம்பெனி ஊழியருக்குக் கம்பெனி வழி. மாணவர், சுயதொழில் செய்வோருக்கு நகராட்சி வழி. செலவில் 30 சதவீதம் நோயாளி கட்டுகிறார். அதற்கும் மாத உச்சவரம்பு உண்டு. நடுத்தர வருமானக்காரருக்கு மருத்துவச் செலவு மொத்தம் 10 லட்சம் யென் என்று வைத்துக்கொண்டால், அவர் பங்கு 3 லட்சம் ஆக வேண்டும். வரம்பு விதிப்படி நீண்டகாலமாக அது 87,430 யென்னோடு நின்றுவந்திருக்கிறது. வேலை போனால்? 14 நாளுக்குள் நகராட்சி அலுவலகத்துக்குப் போய் அவர்கள் திட்டத்துக்கு மாறிக்கொள்ளலாம், அல்லது பழைய காப்பீட்டையே இரண்டு ஆண்டுவரை சொந்தச் செலவில் தொடரலாம். துபாய் அட்டைக்கு இந்த ஆயுள் கிடையாது. விசா ரத்தான பிறகு அது எண்ணி வைத்த நாட்களுக்குத்தான் உயிரோடிருக்கும். என் பார்வையில் இரண்டு நாட்டு மருத்துவத்துக்கும் உள்ள ஆகப்பெரிய வித்தியாசம் இது. எந்த எம்.ஆர்.ஐ. எந்திரமும் இதற்கு ஈடில்லை.

அதற்காக ஜப்பான் மருத்துவமனை நமக்கு இதமானது என்று நினைத்துவிடக் கூடாது. அட்மிஷன் உறுதியானதும் ஒரு சிறு கையேடு தருவார்கள். கொண்டுவர வேண்டியவை என்று பட்டியல்: சாப்பிடும் குச்சிகள், கரண்டி, குடிக்கும் கோப்பை, துண்டு, பல் துலக்கும் சாமான், குதிகால் மூடிய செருப்பு. இரவு உடையும் துண்டும் கொண்டுவர விருப்பமில்லையென்றால் நாள் வாடகைக்கு எடுக்கலாம், காப்பீட்டில் சேராது. சாப்பாட்டுக்கு 2025 ஏப்ரலில் வேளைக்கு 510 யென் ஆனது. நாலு பேர் அறை வேண்டாம், தனி அறை வேண்டும் என்றால் அந்த வித்தியாசம் முழுதும் நம் கையிலிருந்து. கடைசிப் பக்கம்தான் வெளிநாட்டவருக்குக் கஷ்டம். பணத்துக்கும் ஆளுக்கும் பொறுப்பேற்க ஒரு ஜாமீன்தாரரின் கையெழுத்து வேண்டும், பல இடங்களில் வேறு குடும்பத்தைச் சேர்ந்தவராக. மாமனார் வீடு தஞ்சாவூரில் இருப்பவர் யாரைக் கூட்டிவருவார்? பெரும்பாலும் ஆபீஸ் மேலாளர் கையெழுத்துப் போடுகிறார். ஜாமீன்தாரர் இல்லை என்பதற்காக மட்டும் சேர்க்க மறுக்கக் கூடாது என்று அரசே சொல்லியிருந்தும் வழக்கம் போகவில்லை.

ஜப்பானிடமிருந்து நாம் திருடத் தகுந்த ஒன்று உண்டென்றால் அது மருந்துக் கைப்புத்தகம். உள்ளங்கை அளவு நோட்டு. எந்த மருந்தகத்தில் மருந்து வாங்கினாலும் பெயர், அளவு, தேதி அச்சிட்ட ஸ்டிக்கரை அதில் ஒட்டித் தருவார்கள். அடுத்த டாக்டர் பாஷை புரியாத நோயாளியிடம் எதுவும் கேட்காமலே, புரட்டிப் பார்த்து, ஏற்கனவே என்ன சாப்பிடுகிறார் என்று தெரிந்துகொள்கிறார். 'வெள்ளையா ஒரு மாத்திரை, காலையில ஒண்ணு' என்று சொல்லிப் பழகிய நமக்கு அது பெரிய விடுதலை.

பிரிட்டனில் குடியிருப்பு அட்டைக்கு வாசலிலேயே விலை. என்.எச்.எஸ். 1948-ல் தொடங்கியது. சிகிச்சை பெறுமிடத்தில் கட்டணம் இல்லை என்ற கொள்கை இன்றும் நிற்கிறது. 2015 ஏப்ரலில் விசா வாங்குவோருக்கு மட்டும் ஆண்டுக்கு 200 பவுண்டு சுகாதாரக் கூடுதல் கட்டணம் போட்டார்கள். 2019-ல் 400, 2020-ல் 624, 2024 பிப்ரவரியிலிருந்து 1,035. மாணவருக்கும் பதினெட்டு வயதுக்கு உட்பட்டோருக்கும் 776. விசாக்காலம் முழுமைக்கும் முன்கூட்டியே கட்ட வேண்டும். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் மூன்றாண்டு விசாவில் போனால் 10,866 பவுண்டு. விமான டிக்கெட் எடுக்கும் முன்பே இது போய்விடும். பிறகு சம்பளத்தில் வரியும் தேசியக் காப்பீட்டுச் சந்தாவும் உள்ளூர்க்காரர் போலவே பிடிப்பார்கள். ஒரே பொருளுக்கு இரண்டு முறை காசு என்ற புகாரில் நியாயம் இருக்கிறது. சுகாதாரப் பணியாளர் விசாவில் போகும் நம் ஊர் நர்ஸ்களுக்கு 2020-ல் விலக்குக் கொடுத்தார்கள். அதுவும் தொற்று உச்சத்தில், ஊர் சத்தம்போட்ட பிறகு.

காசு கட்டியவர் எதிர்பார்ப்பது உடனடிக் கவனிப்பு. கிடைப்பது ஜி.பி. நிபுணரிடம் நேரே போக முடியாது. முதலில் பேட்டை டாக்டர், அவர் தேவையென்று நினைத்தால் கடிதம், பிறகு காத்திருப்பு. இங்கிலாந்தில் 2023 செப்டம்பரில் காத்திருப்புப் பட்டியல் 77 லட்சத்தைத் தாண்டியது. அவசரப் பிரிவில் நாலு மணி நேரத்துக்குள் 95 சதவீதம் பேரைக் கவனித்து முடிக்க வேண்டும் என்ற இலக்கு 2015 ஜூலைக்குப் பிறகு ஒரு மாதம்கூட எட்டப்படவில்லை. லண்டனின் ஈஸ்ட் ஹாமில் நாலு தமிழர் கூடினால் இந்தப் புலம்பல் நிச்சயம்: காய்ச்சலுக்கு பாராசிட்டமால், மூட்டுவலிக்கு பாராசிட்டமால், மனக்கஷ்டத்துக்கும் பாராசிட்டமால்.

இங்கே நான் ஜி.பி. கட்சி. வைரஸ் காய்ச்சலுக்கு ஆண்டிபயாடிக் எழுதாத டாக்டர் வேலை தெரியாதவர் இல்லை. நம் ஊரில் மூன்று நாளில் மூன்று ஆண்டிபயாடிக் மாற்றி, குளுக்கோஸ் ஏற்றி, ஸ்கேன் எடுத்து அனுப்புவதை நல்ல கவனிப்பு என்று பழகிவிட்டோம். அதே நேரம், சுருக்கமாகப் பேசும் ஆங்கிலம் கைவராத ஒரு பெரியம்மா பத்து நிமிஷ அப்பாயிண்ட்மெண்டில் 'வயிறு ஒரு மாதிரி இருக்கு' என்று சொன்னால், அந்த 'ஒரு மாதிரி'க்குள் என்ன இருக்கிறது என்று தோண்டும் பொறுமை அந்த அமைப்புக்கு இல்லாமல் போகலாம். மொழிபெயர்ப்பாளரைக் கேட்கும் உரிமை உண்டு, தமிழுக்கும் ஏற்பாடு செய்வார்கள், கட்டணமில்லை. பலர் கேட்பதில்லை. பதினாலு வயதுப் பேத்தியைக் கூட்டிப்போகிறார்கள். பாட்டி பேத்தி வழியாகச் சொல்லக் கூசும் வியாதிகள் அப்படியே தங்கிவிடுகின்றன.

சுவிட்சர்லாந்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எண்பதுகளிலிருந்து இலங்கைத் தமிழர்கள் குடியேறி வேர்விட்ட நாடு. 1996 முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி, வந்து மூன்று மாதத்துக்குள் எல்லோரும் காப்பீடு எடுக்க வேண்டும். எந்தக் கம்பெனியும் அடிப்படைத் திட்டத்தில் யாரையும் மறுக்க முடியாது. மருத்துவம் சிறப்பு. சந்தா எரிச்சல். ஆண்டுக்கு முதல் 300 பிராங்க் நம் செலவு என்று எடுத்தால் மாதச் சந்தா அதிகம். முதல் 2,500 பிராங்க் நம் செலவு என்று எடுத்தால் சந்தா குறைவு. உணவகச் சமையலறையில் வேலை செய்பவர் எதைத் தேர்ந்தெடுப்பார்? 2,500-ஐ. பிறகு அந்த 2,500 செலவாகிவிடுமே என்று டாக்டரிடம் போகவே தயங்குவார். கட்டாயக் காப்பீடு இருந்தும் காசில்லாதவனைப் போல வாழும் நிலை இது.

பணப்பை வகைக்கு அமெரிக்காவை எடுத்துக்காட்டுவது எளிது, ஆனால் அது அலுத்துப்போன கதை. தாய்லாந்தில் சங்கதி அதிகம். பாங்காக்கின் பும்ரும்ராட் 1980-ல் தொடங்கிய மருத்துவமனை. 2002-ல் அமெரிக்காவின் ஜே.சி.ஐ. தரச்சான்று பெற்றது, ஆசியாவிலேயே முதலாவதாக. வரவேற்பறையில் அரபி, ஜப்பானிய மொழிபெயர்ப்பாளர்கள், மாடியில் உணவகங்கள், காலையில் வந்து மதியத்துக்குள் முழு உடல் பரிசோதனை முடித்துப் போகலாம். தரச்சான்று நடைமுறைகளைத்தான் சோதிக்கிறது, விலையை இல்லை. தனியார் மருத்துவமனைகளின் மருந்து விலை பற்றிய புகார் முற்றி, 2019-ல் விலைகளை வெளியிடுமாறு தாய்லாந்து அரசே உத்தரவிட வேண்டியதாயிற்று.

ஓய்வுபெற்று சியாங் மாயில் குடியேறிய ஐரோப்பியர்களின் நிலையைக் கவனித்தால் பணப்பை எங்கே கிழியும் என்று தெரிகிறது. அறுபது வயதில் சின்னச் சின்ன நோய்க்குத் தனியார் மருத்துவமனை மலிவாகத் தெரிந்தது. எழுபத்தைந்தில் காப்பீட்டுக் கம்பெனி சந்தாவை ஏற்றியது, அல்லது கழற்றிவிட்டது. ஓய்வுபெற்றோருக்கான ஓ-ஏ விசாவுக்குக் காப்பீடு கட்டாயம் என்று 2019-ல் விதி வந்தபோது பலருக்கு அந்த வயதில் பாலிசியே கிடைக்கவில்லை. அதே ஆண்டு அரசு மருத்துவமனைகளிலும் தாய்லாந்துக்காரர், அண்டை நாட்டார், வேலை செய்யும் வெளிநாட்டவர், ஓய்வுபெற்றோரும் சுற்றுலாப் பயணிகளும் என்று நான்கு அடுக்குக் கட்டணம் வந்தது. இங்கேயும் விவரம் தெரிந்தவர்கள் ஒரு நடுவழி வைத்திருக்கிறார்கள்: பல்கலைக்கழக மருத்துவமனையின் தனியார் பிரிவு, அல்லது அரசு மருத்துவமனையில் அலுவலக நேரம் முடிந்த பிறகு நடக்கும் சிறப்புக் கிளினிக். காலையில் வரிசையில் பார்த்த அதே பேராசிரியரை மாலையில் கொஞ்சம் கூடுதல் கட்டணத்தில் பார்க்கலாம். நம் ஊர் ஜி.எச். டாக்டரின் சாயங்கால கிளினிக் போலத்தான், ஆனால் அதே கட்டடத்துக்குள், ரசீதோடு.

தாய்லாந்தில் சட்டப்படி வேலை செய்பவருக்கு இந்தத் தொல்லை குறைவு. சம்பளத்தில் 5 சதவீதம், 2025 வரை மாதம் அதிகபட்சம் 750 பாட், சமூகப் பாதுகாப்பு நிதிக்குப் போகிறது. பதிவு செய்துகொண்ட ஒரே மருத்துவமனையில் பில் இல்லாமல் பார்க்கலாம். மியான்மர் எல்லையில் இந்த எதற்குள்ளும் வராதவர்கள் மே சோட்டில் டாக்டர் சிந்தியா மாவுங் 1989-ல் தொடங்கிய மே தாவ் கிளினிக்குக்குப் போகிறார்கள். அட்டையே இல்லாதவர்களின் வரிசை அது. பும்ரும்ராட்டின் பளிங்குத் தரையும் மே தாவின் வராந்தாவும் ஒரே நாட்டில் இருக்கின்றன. 'தாய்லாந்து மருத்துவம் எப்படி?' என்று கேட்பவருக்கு எதைக் காட்டுவது?

வெளிநாட்டவர் சொல்லும் குறைகளில் ஒரு பகுதி அவர் வெளிநாட்டவர் என்பதால் வந்ததில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும். ஜப்பானில் ஆம்புலன்ஸ் வாசலில் நின்றபடியே ஒவ்வொரு மருத்துவமனையாகப் போன் செய்து இடம் கேட்கும். மொழி தெரியாதவன் என்பதால் தட்டிக்கழிக்கிறார்கள் என்று நமக்குத் தோன்றும், சில நேரம் அது உண்மையும்கூட. ஆனால் 2006-ல் நாரா மாகாணத்தில் பிரசவத்தின்போது நினைவிழந்த பெண்ணைப் பல மருத்துவமனைகள் ஏற்க மறுத்து, கடைசியில் அவர் இறந்தார். அவர் ஜப்பானியர்தான். என்.எச்.எஸ். பட்டியலில் காத்திருப்போரில் பெரும்பங்கு அந்த மண்ணில் பிறந்தவர்கள். பாகுபாடு எது, எல்லோருக்கும் உள்ள பஞ்சம் எது என்று பிரித்தறிய உள்ளூர்க்காரர் ஒருவரைக் கேட்பதுதான் வழி. புலம்பெயர்ந்தவர்கள் தங்களுக்குள் மட்டுமே பேசிக்கொள்வதால் இந்த வேறுபாடு மங்கிவிடுகிறது.

வார்டில் ஆள் தங்கும் விஷயமும் இப்படித்தான் குழம்புகிறது. சென்னையில் அட்மிட் செய்யும்போது முதல் கேள்வி 'கூட யாரு இருக்கீங்க?' என்பது. மருந்து வாங்கி வருவது, பில் கட்டுவது, நர்ஸைக் கூப்பிடுவது, காபி வாங்குவது எல்லாம் அந்தக் கூட இருப்பவர் வேலை. லண்டனிலும் டோக்கியோவிலும் அவருக்கு இடமில்லை. பார்வையாளர் நேரம் முடிந்தால் வீட்டுக்குப் போக வேண்டும். கழுவித் துடைப்பது வரை நர்ஸ் பார்த்துக்கொள்வார். மனைவியைத் தனியாக விட்டுவர மனசு வராமல் வாசலில் நிற்பவருக்கு அது கல்நெஞ்சாகத் தெரியும். உண்மையில் அங்கே குடும்பத்தின் தலையிலிருந்து ஒரு சுமையை இறக்கி வைத்திருக்கிறார்கள். பாங்காக் தனியார் அறையில் மட்டும் கூட இருப்பவருக்கு ஒரு சோபா போட்டிருப்பார்கள். நம்மவர்கள் அந்த ஊரைப் புகழ்வதில் பாதி அந்த சோபாவுக்காக என்று எனக்கொரு சந்தேகம்.

இந்த ஒப்பீட்டின் கடைசி மருத்துவமனை எங்கே இருக்கிறது என்பதைப் பலர் யோசிப்பதில்லை. துபாயிலோ சிங்கப்பூரிலோ இருபது வருடம் முதலாளி அட்டையில் வாழ்ந்தவர் ஐம்பத்தெட்டு வயதில், சர்க்கரையோடும் ரத்தக்கொதிப்போடும், ஊர் திரும்புகிறார். அட்டை விமான நிலையத்தோடு முடிந்தது. அங்கே கழித்த இருபது வருடக் காப்பீட்டு வரலாறு இங்கே எந்தக் கம்பெனிக்கும் கணக்கில்லை. புது வாடிக்கையாளராகச் சேர்ந்தால், ஏற்கனவே இருக்கும் நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் மூன்று ஆண்டுவரை போகலாம்; 2024-க்கு முன் அது நான்காக இருந்தது. தமிழக முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டத்துக்கு வருமான வரம்பு உண்டு. வெளிநாட்டில் சம்பாதித்து வீடு கட்டியவர் பெரும்பாலும் அதற்கு மேலே நிற்பார். மிச்சமிருப்பது யாரிடமும் அட்டை கேட்காத ஜி.எச். ஓ.பி. வரிசை, இல்லையென்றால் சேமிப்பு. ஆகவே வளைகுடாவில் நாற்பத்தைந்தைத் தாண்டிய சிலர், அங்கே கம்பெனி அட்டை உயிரோடு இருக்கும்போதே ஊரில் ஒரு பாலிசி எடுத்து வருஷாவருஷம் சந்தா கட்டுகிறார்கள். பல வருஷம் அதில் ஒரு ரூபாய்கூடக் க்ளெய்ம் இருக்காது. அவர்கள் காசு கொடுத்து வாங்குவது அந்த மூன்று வருடக் காத்திருப்பை.